கூரைக் காப்பு

அட்டை பேசுமா என்பதில்தான் எங்கள் முதல் சண்டை ஆரம்பித்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் காலைப் பிடிக்கிற அட்டையைத்தான் சொல்கிறேன். எங்கள் கதை விளையாட்டின் மந்திரச் சீட்டில் "எந்தப் பிராணியோடும் அதன் மொழியில் பேசலாம்" என்று இருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா, விளையாட்டில் தன் ஆளின் கணுக்காலில் ஏறியிருந்த அட்டையிடம் கோட்டைக்கு வழி கேட்கப்போவதாகச் சொன்னாள்.

"அட்டைக்கு ஏதுக்கா மொழி?" என்றேன்.

"இல்லன்னு நீ கேட்டுப் பாத்தியா?" என்றாள்.

பாதி மத்தியானம் இதிலேயே போனது. கடைசியில், அட்டைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை, அது 'பசிக்குது' என்று தீர்ப்புச் சொன்னேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரொட்டி மட்டும் கொடுத்தாள், தேங்காய்ச் சம்பல் கொடுக்கவில்லை.

இந்த விளையாட்டு எங்கள் கைக்கு வந்தது ஒரு மழையால். பழைய தொரை பங்களா ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. மலை ஏற வந்த இளவட்டங்கள் சிலர் வெளியே கால் வைக்க முடியாமல், நாள் முழுக்கச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எதையோ விளையாடினார்கள். போகும்போது பெட்டியை மறந்துவிட்டார்கள். மெயில் அனுப்பிக் கேட்டதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் பல முகங்கள் கொண்ட பகடைகள், தலையணை மாதிரி ஒரு புத்தகம், ஒரு கட்டுச் சீட்டு. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாகிவிட வேண்டும். நான் இதைச் செய்கிறேன் என்று அவர்கள் சொன்னால், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடைக்கும் புரியாததைக் கதை சொல்பவர் தீர்த்து வைக்க வேண்டும்.

அந்தத் தீர்த்து வைக்கிற ஆள் நான். அக்கா எனக்கு வைத்த பெயர் கங்காணி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும், சொன்னதை மாற்ற மாட்டேன் என்பதும் எங்கள் தோட்டத்து வரிசைவீடான லயம் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

சீட்டுகளை நான்தான் தமிழில் எழுதினேன். எழுதும்போதே எரிச்சல் வந்தது. மந்திரங்களை எழுதியவர்கள் எவரும் பக்கத்தில் ஒரு வாயாடியை வைத்துக்கொண்டு எழுதவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. 'யாருக்கும் தீங்கு செய்யாத வரை உங்களை யாரும் பார்க்க முடியாது' என்று ஒன்று. கிள்ளுவது தீங்கா? ஒருவர் குடிக்க வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிடுவது தீங்கா? 'பூனை அளவுக்குச் சுருங்கலாம்' என்று இன்னொன்று. உடுத்தியிருக்கும் துணி என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. அக்கா இதையெல்லாம் மோப்பம் பிடித்துவிடுவாள். எந்த மந்திரமானாலும் தனக்குச் சாதகமாக வளைப்பாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சண்டை போட்டுப் பழகிய வாய். அந்த வாய்க்கு முன்னால் புத்தகம் எம்மாத்திரம்?

விளையாட்டில் அக்காவின் ஆள் ஒரு திருடி. புத்தகத்தில் வாளும் ஈட்டியும் இருந்தன. அதெல்லாம் வேண்டாம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி போதும் என்று வாங்கிக்கொண்டாள். மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவள். அவள் மந்திரக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அவள் கொண்டுவரும் பலகாரத்துக்காகவே அக்கா அவளை அடிக்கடி சாவிலிருந்து காப்பாற்றினாள்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். கோட்டைக்குள் சிப்பாய்கள் தங்கும் இடத்தை நான் தாளில் வரைய வேண்டியிருந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து இருக்கிற இடம் என்றதும் என் கை தானாக லயத்தை வரைந்துவிட்டது. வரிசையாகப் பத்துக் காம்பரா, முன்னால் நீளமான இஸ்தோப்புத் திண்ணை, மேலே ஒரே தகரம். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது, மேலே இடைவெளி இருக்கும். புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரர் மனதில் கல்கோட்டையும் வளைந்த படிக்கட்டும் இருந்திருக்கும். எங்கள் கோட்டையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையும் கோழிக்கூடும் இருந்தன. மற்ற இரண்டு பேருக்கும் அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தக் கோட்டையில்தான் மந்திரக்காரி முதன்முதலாகக் கூரைக் காப்பு என்ற மந்திரத்தை எடுத்தாள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "மந்திரம் சொன்னவர் வாசலைத் தாண்டிப் போகும் வரை, அதே வீட்டுக்குள் இருக்கும் எவருக்கும் தீங்கு வராது." மந்திரக்காரி முதல் காம்பராவில் இருந்தாள். அக்காவின் திருடி நாலாவது காம்பராவில் யாருடைய பெட்டியையோ குடைந்துகொண்டிருந்தாள். கூரைக்கு மேலே பாறாங்கல் விழப்போகிறது. அக்காவுக்குக் காப்பு உண்டா?

"அது எப்பிடி ஒரு வீடாகும்? பத்துக் கதவு ஈக்கே. பத்து அடுப்பு ஈக்கே" என்றாள் டவுன்காரி. 'இருக்கே' அவள் வாயில் 'ஈக்கே'தான். தன் மந்திரத்தைத் தானே சுருக்குகிற நேர்மை அவளுக்கு இருந்தது.

"தகரம் ஒண்ணுதானே?" என்றாள் அக்கா. "காத்தடிச்சா என் தகரம் மட்டுமா பறக்குது? பத்துக் காம்பராவும்தானே நனையுது. நனையிறப்ப ஒரு வீடு, காப்பு வர்றப்ப பத்து வீடா?"

நான் அக்கா பக்கம் தீர்ப்புச் சொன்னேன். ஒரே கூரை என்றால் ஒரே வீடு. சீட்டின் ஓரத்தில் அதை எழுதியும் வைத்தேன். அந்த வெற்றியை அக்கா ஒரு மாதம் கொண்டாடினாள்.

லயத்தைப் பற்றி நான் ஒன்றும் பெருமையாகச் சொல்ல வரவில்லை. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவே பிடிக்காது. புகை, பீலிக்கரையில் தண்ணீர்ச் சண்டை, அடுத்தவர் வீட்டுக் குடிகாரர் விடுகிற ஏச்சு, எல்லாம் மேல் இடைவெளி வழியாக வந்துவிடும். தொலைபேசியில் ஒரு ரகசியம் பேச முடியாது. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அக்கா அகப்பைக் காம்பால் தட்டினால் நான் பதிலுக்குத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஆளே வந்துவிடுவாள். ஒரு தடவை அம்மா ஊரில் இல்லாதபோது எனக்கு இழுப்பு வந்து, எழுந்து தட்டத் தெம்பில்லாமல் கிடந்தேன். அக்கா சுடுதண்ணிப் போத்தலோடு வந்து நின்று, "மூச்சு விடுற சத்தமே சரியில்லையேன்னு அப்பயே நெனச்சேன்" என்றாள். என் மூச்சை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு அன்று கோபம்தான் வந்தது. மனுஷி நிம்மதியாக மூச்சுவிடக்கூட முடியாதா என்று நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. டவுன்காரி கல்யாணம் முடித்து அக்குறணைக்குப் போனாள். குழந்தை பிறந்ததும் விளையாட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். அவளுடைய மந்திரக்காரியை நான் எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. சாமான் விலை ஏறியது. அக்கா தன் மகளை நானுஓயாவில் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அடுத்த மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துச் சரியப் பார்த்ததால் எங்களை அங்கிருந்து கிளப்பிவிட்டு, மேலே மேட்டில் கட்டிய தனி வீடுகளைக் கொடுத்தார்கள். லயத்தை இடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு மேடு ஏற முடியவில்லை. வத்தளையில் இருக்கும் அண்ணன் வந்து அழைத்துப் போனான். என்னையும்தான் கூப்பிட்டான். வருஷப் பிறப்பு முடிந்து வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

தனி வீடு நல்ல வீடு. குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். உள்ளேயே தண்ணீர் வருகிறது, உள்ளேயே கக்கூஸ். நாலு பக்கமும் என் சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று. ஹோட்டலில் நாள் முழுக்கச் சிரித்துப் பேசிவிட்டு வந்து கதவைச் சாத்தினால், ஒரு இருமல் சத்தம்கூட வராது. நானே இருமிப் பார்ப்பேன். யாரும் "என்ன, சளியா?" என்று கேட்பதில்லை. சில நாள் சோற்றுப் பானையை வேண்டுமென்றே தட்டென்று வைப்பேன். தனியாக இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை. அக்கா வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் வெள்ளி மத்தியானம் பெரும்பாலும் தாய் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அந்த நேரம் எனக்கு இங்கே சாயங்காலமாகப் போகும். என் லீவை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா அங்கிருந்து போன் எடுத்துக் கூப்பிடுவாள், நான் கதை சொல்வேன், இரண்டு பேருக்கும் நானே பகடை உருட்டுவேன். "பொய் சொல்லாம உருட்டுறியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். மகளைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, அந்த ஊர் வெயிலைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. அதையெல்லாம் பேச ஆரம்பித்தால் அழுகையில் போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். திருடி எந்தப் பூட்டை உடைத்தாள் என்று பேசினால் ஒரு மணி நேரம் போய்விடும். எனக்கு வாரத்தில் என்னோடு யாராவது பேசினார்கள் என்று சொல்வதற்கு இருந்தது அது ஒன்றுதான். ஹோட்டலில் பேசுவது பேச்சில்லை.

கொஞ்ச நாளாக அக்காவின் குரல் மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தபோது, எடுத்த எடுப்பில் சொன்னாள்.

"தங்கச்சி, என் ஆளக் கொன்னுரு. போதும்."

"என்னக்கா வெளையாடுறீங்களா?"

"வெளையாட முடியலன்னுதான் சொல்றேன். அவள முடிச்சுவிட்டுட்டா எனக்கும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன் எடுக்கணுமேங்கிற நெனப்பு இருக்காது. ஒனக்கும் லீவு மிச்சம்."

எனக்குச் சுருக்கென்று ஆனது. அந்த நெனப்பில்தான் நான் வாரத்தை ஓட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில் கோபப்பட்டேன். அதுதான் எனக்கு வரும்.

"கொல்றதும் விடுறதும் கங்காணி வேல. கதையில என்ன நடக்குதோ அதுதான்" என்றேன்.

கதையில் அப்போது நடந்துகொண்டிருந்தது இது. பழைய கோட்டைக்கே திரும்பி வந்திருந்தார்கள். வெளியே கரும்புகை சூழ்ந்துவிட்டது. மூச்சில் ஏறினால் சாவு. அக்காவின் திருடி கால் உடைந்து பத்தாவது காம்பராவில் கிடக்கிறாள். மந்திரக்காரி முதல் காம்பராவில். எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது.

"மந்திரக்காரி கூரைக் காப்பு சொல்றா. தகரம் ஒண்ணு, வீடு ஒண்ணு. நீங்க வாதாடி வாங்குன தீர்ப்பு. சாக முடியாது ஒங்களால" என்றேன்.



"அந்தத் தீர்ப்பு தப்பு" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கு எதிராக வாதாடி நான் கேட்டதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். போன மாதம் கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டதாம். கத்தியிருக்கிறாள். வீட்டுக்காரர்கள் எல்லாரும் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. அக்கா குழாயைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டு, தானே நின்றிருக்கிறாள்.

"கெட்டவங்க இல்ல புள்ள. மறுநாள் கையப் பாத்துட்டு அந்தம்மா பதறிப்போயி மருந்து வாங்கிட்டு வந்தாங்க. அவங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். கதவு எல்லாம் அப்புடிக் கதவு. ஏசி ஓடுது. ஒரே கூரைதான். எங்க தோட்டத்துத் தொழிற்சாலைய விடப் பெரிய கூரை. அதுனால சொல்றேன், ஒரே கூரைன்னா ஒரே வீடுன்னு சொன்னது தப்பு. அழிச்சிரு அத. அவ சாகட்டும்."

வழக்கம்போல என் வாய் முந்திக்கொண்டது.

"அழிக்கிறேன். ஆனா டவுன்காரி சொன்னதும் தப்புத்தான். கதவ எண்ணி வீடுன்னு சொல்ல முடியாது. எனக்கு இழுப்பு வந்தப்ப நீங்க எந்தக் கதவு வழியாக் கேட்டீங்க? மூச்சு சத்தம் கேட்டு வந்தீங்கல்ல? அப்ப கேக்குற தூரம் வரைக்கும் ஒரு வீடு. இதுதான் புதுத் தீர்ப்பு. ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேட்டா அவங்க ஒரே வீட்டுல இருக்காங்க."

"பத்தாவது காம்பராவுல இருந்து மொதக் காம்பராவுக்குக் கேக்குமா?"

"நம்ம லயத்துல கேக்காதா? கூப்பிட்டுப் பாருங்க. ஒங்க ஆளு கூப்புடணும். கேட்டா காப்பு."

சொன்ன பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது.

"இங்க சத்தம் போட முடியாது தங்கச்சி" என்றாள் அக்கா. "இன்னைக்கு அவங்க போகல. சின்னது தூங்குது. நானே துணி மெஷின் ரூமுக்குள்ள நின்னுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுறேன்."

நான் சொன்ன தீர்ப்பை நான் மாற்ற மாட்டேன். அது அக்காவுக்கும் தெரியும். மாற்றினால், இரக்கப்பட்டு உயிர்ப் பிச்சை போட்டதாக ஆகிவிடும். அதை அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, இந்தச் சுவர்களுக்குள் என்ன செய்யப்போகிறேன் என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை இப்போதும் என்னால் நெஞ்சில் தொட்டுக் காட்ட முடியும்.

அப்போது போனுக்குள் ஒரு சத்தம். டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக். எதாலோ சுவரில் தட்டுகிறாள். மெதுவாக, அந்த வீட்டில் யாருக்கும் கேட்காத அளவுக்கு.

நான் எழுந்தேன். போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விரல் முட்டியால் தட்டினேன். தனி வீட்டுச் சுவர், கொங்கிரீட்டு. அதில் சத்தம் பெரிதாக எழும்பவில்லை. கை வலிக்கத் தட்டினேன்.

"கேட்டுச்சா?" என்று கேட்டாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"மொதல்லயே கேட்டுச்சு. ஒங்களுக்கு?"

"ம்."

"அப்ப ஒரே வீடு. பொழச்சிட்டீங்க."

மூக்கை உறிஞ்சினாள். உடனேயே பழைய அக்கா திரும்பி வந்தாள். சீட்டை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்: மந்திரம் சொன்னவர் வாசலைத் தாண்டிப் போகும் வரை.

"புகை எப்பக் கலையும்?"

"அது தெரியாது. நாளாகும்."

"அது வரைக்கும் அந்த மொதக் காம்பராக்காரி வெளிய போயிடக் கூடாதே? அவளுக்குப் பசிக்காதா? வேற எடத்துல வேல இருக்காதா? போயிட்டான்னா நான் அம்போதானே?"

மந்திரக்காரி இப்போது என் ஆள். நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். இடித்த லயம் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது.

"போக மாட்டா" என்றேன்.

"நெசமா?"

"நீங்க எந்திரிச்சு நடந்து வர்ற வரைக்கும் அங்கயேதான் இருப்பா. நான் சொன்னா சொன்னதுதான்."

"சரி கங்காணி. அப்ப வர்ற வெள்ளிக்கெழம கால் கட்டுறதுக்கு என்ன மூலிகை இருக்குன்னு பாத்து வை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வருஷப் பிறப்புக்கு முந்திய வாரம் அண்ணன் போன் எடுத்தான். எந்த பஸ்ஸில் வருகிறாய், சாமான் எவ்வளவு என்று கேட்டான். நான் வரவில்லை என்றேன். இப்போதைக்கு இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்றேன். முதல் காம்பராக்காரி போக மாட்டாள் என்று அக்காவிடம் சொன்னது நான்தானே. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அது சீக்கிரம் வரும்.

"அந்த மேட்டுல ஒனக்குன்னு யாரு இருக்கா?" என்று கேட்டான்.

"பத்தாவது காம்பராவுல ஒருத்தங்க இருக்காங்க" என்றேன்.

"லயத்தத்தான் இடிச்சாச்சே" என்றான்.

ஆமாம் என்றேன்.